மூன்று கிண்ணம், ஒரே போத்தல்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தின் வடமேற்கே, பசிபிக் சமுத்திரக் கரையோரமாக, ஹம்போல்ட் என்னும் மாவட்டம் ஒன்றுண்டு. வானளாவ வளரும் செம்மரக் காடுகளும், கடலினின்று எழுந்து காலை முழுவதும் கலையாதிருக்கும் மூடுபனியும் அப்பிரதேசத்தின் அடையாளங்கள். அங்குள்ள அரசினர் சர்வகலாசாலையிலே சமுத்திரவியற் பேராசிரியராக விளங்கியவர் ரொபேர்ட் ஹொட்ஜ்சன் என்பவர். கடல்நீரை அளப்பதும், அளந்த எண்களில் எவ்வளவு மெய், எவ்வளவு தற்செயல் எனப் பிரித்தறிவதும் அவரது தொழில். ஆனால் அவர் உள்ளங் கவர்ந்த பொருள் வேறு. அது வைன் என மேலைத் தேயத்தார் வழங்கும் திராட்சை மது. அதனைச் சுவைத்து இன்புறுவதோடு அமையாது, 1976ஆம் ஆண்டிலே பீல்ட்புறூக் என்னும் சிற்றூரில் தமது துணைவியாருடன் சேர்ந்து ஒரு சிறிய வைன் சாலையையும் அவர் ஆரம்பித்தார்.

சைவக் குடும்பங்களிலே ஞாயிறு தோறும் புகும் பத்திரிகையில் வைனைப் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவம் நெரிக்கும் பெரியோர்க்கு ஒரு வார்த்தை. இதனை எழுதுபவன் அப்பானத்தின் ஒரு துளியையேனும் நாவில் இட்டறியாதவன். கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மொழிக்கு உரியவன். வலிகாமத்துச் செம்மண்ணிலே பந்தலிட்டு வளர்க்கும் முந்திரிகைப் பழத்தோடு என் திராட்சை அனுபவம் முடிந்துவிடுகிறது. ஆகவே மதுவின் பெருமை பேசுவது என் நோக்கமன்று. தாம் நேசித்த ஒரு பொருளைப் பற்றிப் பிறர் கூறும் தீர்ப்பு எவ்வளவு நம்பத் தக்கது என ஒருவர் துணிந்து சோதித்த கதை இது. மதுவை அறவே தொடாதவர்க்கும் இதிலே அலுவல் உண்டு. அஃது எவ்வாறென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அச்சுவைஞர்கள் செய்வது யாது என்பதைச் சொல்லல் வேண்டும். வைனைச் சுவைத்து மதிப்பிடுவோர் அதனைக் குடிப்பதில்லை. கிண்ணத்தைச் சாய்த்து நிறத்தைப் பார்ப்பர். பின்னர் மெல்லச் சுழற்றி, மேலெழும் வாசனையை மூக்கினால் இழுப்பர். அதன்பின் ஒரு வாய் எடுத்து, நாவெங்கும் படரவிட்டு, சற்றே காற்றையும் உட்கொண்டு, ஈற்றில் அதனை உமிழ்ந்துவிடுவர். நாவானது இனிப்பு, புளிப்பு, கைப்பு, உவர்ப்பு முதலான ஒரு சில சுவைகளையே அறியும். நாம் சுவை எனப் போற்றுவதன் பெரும்பகுதி, வாயின் பின்புறமாக மூக்கைச் சென்றடையும் மணமேயாம். தடிமன் பிடித்த நாளிலே அம்மாவின் இரசமும் வெறும் வெந்நீராகத் தோன்றுவது இக்காரணத்தினாலேயே.

இவ்வாறு பார்த்து, முகர்ந்து, சுவைத்த பின்னர் நடுவர்கள் புள்ளியிடுவர். புள்ளியின் உயர்வு தாழ்வுக்கு ஏற்பத் தங்கம், வெள்ளி, வெண்கலம் எனப் பதக்கங்கள் வழங்கப்படும். பதக்கம் வெறும் அலங்காரமன்று. தங்கம் பெற்ற வைனின் போத்தலிலே அச்செய்தி ஒட்டப்படும். கடையிலே நூறு போத்தல்களின் முன் மயங்கி நிற்கும் மனிதன் அதனைக் கண்டு கை நீட்டுவான். பெரிய நிறுவனங்களுக்கு விளம்பரஞ் செய்யப் பொருளுண்டு. சிறு தோட்டக்காரனுக்கோ அந்தப் பதக்கமே விளம்பரம்.

ஹொட்ஜ்சனும் தம் வைனைப் பல போட்டிகளுக்கு அனுப்பி வந்தார். அங்கேதான் அவருக்கு ஒரு விசித்திரம் புலப்பட்டது. ஓரிடத்திலே தங்கம் பெற்ற அதே வைன் மற்றோரிடத்திலே வெண்கலந்தானும் பெறாது திரும்பி வரும். வேறொரு வியாபாரியாயின், தங்கம் தந்தவர்களை அறிஞர் என்றும், தராதவர்களை மூடர் என்றும் கூறித் திருப்தியடைந்திருப்பான். இவரோ விஞ்ஞானி. ஒரே பொருளை இரு அளவுகோல்கள் இவ்வளவு வேறுபட அளக்குமாயின், முதலில் ஐயுறத் தக்கது பொருளா, அளவுகோலா என்று வினவினார்.

இத்தகைய ஐயம் புதியதன்று. பால் காய்ச்சிப் பாதுகாக்கும் முறையோடு தம் பெயரை என்றும் பிணைத்துச் சென்ற லூயி பாஸ்ரர் முதன்முதல் அம்முறையைக் கையாண்டது பாலிலே அன்று, வைனிலேயே. பிரான்சு தேசத்தின் திராட்சை விளையும் ஆர்புவா என்னும் ஊரிலே, தோல் பதனிடும் ஒருவரின் மகனாக வளர்ந்தவர் அவர். அந்நாட்டு வைன் கெட்டுப் புளித்தும் கைத்தும் போவதன் காரணத்தை ஆராயுமாறு 1863இல் மூன்றாம் நெப்போலியன் அவரை வேண்டினான். நுண்ணுயிர்களே காரணம் எனக் கண்ட பாஸ்ரர், வைனை ஐம்பது அறுபது பாகை சென்ரிகிரேட் அளவிற்குச் சூடாக்கினால் அவை மடியும் என நிறுவினார். ‘சூடாக்கினால் சுவை கெட்டுவிடுமே!’ என்றனர் வியாபாரிகள். சூடாக்கியதையும் சூடாக்காததையும் அருகருகே வைத்துச் சுவைக்க, கைதேர்ந்த சுவைஞர் குழுவொன்று கூடியது. அவர்கள் இரண்டிற்கும் இடையே மிக நுட்பமான வேறுபாடுகளைக் கண்டு கூறினர். பாஸ்ரருக்கு ஒரு குறும்பு தோன்றியது. ஒரு நாள் எவ்வித வேறுபாடுமற்ற ஒரே வைனை இரு கிண்ணங்களில் இட்டு அவர்முன் வைத்தார். அவ்விரண்டிற்கும் இடையிலும் அவர்கள் வேறுபாடு கண்டனர்! வைன் சுவைத்தலிலே கற்பனைக்குப் பெரும் பங்குண்டு என்று 1866இல் வெளியிட்ட தமது நூலில் அவர் குறித்து வைத்தார். பாஸ்ரர் வைனை வெறுத்தவர் அல்லர். பின்னாளில் ஆர்புவாவின் அருகே தமக்கென ஒரு சிறு திராட்சைத் தோட்டமே வாங்கியவர்.

அங்ஙனமாயின் சுவைஞர் திறமை முழுவதும் கற்பனைதானோ என்று முடிவு கட்டிவிடலாகாது. இங்கிலாந்திலே றொதம்ஸ்ரெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், 1920களின் தொடக்கத்திலே நிகழ்ந்த ஒரு சம்பவம் இதற்கு மறுபுறத்தைக் காட்டும். பாசிகளை ஆராய்ந்து வந்த மியூரியல் பிறிஸ்ரல் என்னும் பெண்மணிக்கு, கணித வல்லுநரான ரொனால்ட் பிஷர் ஒரு கோப்பைத் தேநீர் நீட்டினார். அம்மையார் அதனை ஏற்கவில்லை. கோப்பையிலே முதலிற் பாலை ஊற்றிப் பின்னரே தேநீரை ஊற்றல் வேண்டும்; மாறி ஊற்றியது தமக்குப் பிடிக்காது என்றார். எதனை முதலில் ஊற்றினால் என்ன, வேறுபாடு எவருக்குத் தெரியப் போகிறது என்று பிஷர் நகைத்தார். அம்மையாரோ தமக்குத் தெரியும் என்றே சாதித்தார். உடனே அங்கேயே ஒரு பரீட்சை ஏற்பாடாயிற்று.

பிஷர் 1935இல் எழுதிய ‘பரிசோதனைகளை வகுத்தல்’ பற்றிய நூலிலே இக்கதை, அம்மையாரின் பெயரைக் கூறாமல், இடம்பெற்றுள்ளது. மாணவர்கள் இதனைக் கவனித்தல் நன்று. கோப்பைகள் எட்டு. நான்கிலே பால் முந்தியது, நான்கிலே தேநீர் முந்தியது. குலுக்கி எடுத்த வரிசைப்படி அவை நீட்டப்படும். எட்டிலிருந்து நான்கைத் தெரிந்தெடுக்க 70 வழிகள் உள. ஆகவே ஒன்றுமறியாத ஒருவர் குருட்டடியாக எட்டையும் சரியாகச் சொல்லிவிட 70இல் ஒரு வாய்ப்பே உண்டு. பிழையின்றிச் சொல்லிவிட்டால், அது வெறும் அதிட்டம் எனத் தள்ளிவிடுவது கடினம். அம்மையார் தேறிவிட்டார் என்றே அக்கதையைக் கூறுவோர் கூறுவர். இன்று மருந்துகளைச் சோதிப்பதற்கும், பயிர்களுக்கிடும் பசளையைச் சோதிப்பதற்கும் உலகெங்கும் கைக்கொள்ளும் முறை, இங்ஙனம் ஒரு தேநீர்க் கோப்பையின் உதாரணத்தினாலேயே மாணாக்கர்க்கு விளக்கப்பட்டு வருகிறது.

பாஸ்ரரின் குறும்பையும் பிஷரின் கணிதத்தையும் ஒன்றாக இணைத்தாற் போன்றது ஹொட்ஜ்சன் செய்த சோதனை. கலிபோர்ணியா மாநிலக் கண்காட்சியை ஒட்டித் தலைநகராகிய சக்கரமெந்தோவிலே ஆண்டுதோறும் நடக்கும் வைன் போட்டி புகழ் வாய்ந்தது. அதன் ஆலோசனைச் சபையில் ஹொட்ஜ்சன் அங்கத்தவராயிருந்தார். நடுவர்களையே சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டினார், அனுமதியும் கிடைத்தது. ஒரு போட்டியை நடத்துவோர் தம் நடுவரின் தரத்தைத் தாமே சோதனைக்கு உட்படுத்தச் சம்மதித்தது சாதாரண காரியமன்று. அவர்களையும் நாம் பாராட்டல் வேண்டும்.

2005ஆம் ஆண்டு தொடங்கி 2008 வரை நான்கு ஆண்டுகள் சோதனை நடந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 65 தொடக்கம் 70 நடுவர்கள்; நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்திருப்பர். ஏறக்குறைய முப்பது கிண்ணங்கள் கொண்ட வரிசை ஒவ்வொன்றாக அவர்முன் வைக்கப்படும். எந்தக் கிண்ணத்தில் எவருடைய வைன் என்பது அவர்கட்குத் தெரியாது. இவ்வரிசைகளில் ஒன்றிலே, ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய வைன் மூன்று கிண்ணங்களிலே, வெவ்வேறு இலக்கத்தோடு, வெவ்வேறு இடங்களிலே ஒளித்து வைக்கப்பட்டது. கடல்நீரை ஆராய்வோர் ஒரே நீரை இரண்டு மூன்று முறை அளந்து தம் கருவியைச் சரிபார்ப்பது வழக்கம். அந்தப் பழக்கமே இங்கு வேறு வேடத்தில் வந்தது. நடுவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசு முன்னர்த் தாமாக இட்ட முதற் புள்ளிகளையே ஹொட்ஜ்சன் கணக்கிலெடுத்தார்.

முடிவு 2008இல் வைன் பொருளாதாரம் பற்றிய ஒரு சஞ்சிகையிலே வெளியாயிற்று. ஒரே வைனின் மூன்று கிண்ணங்களுக்கும் ஒரே பதக்கத்தின் எல்லைக்குள் புள்ளியிட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரளவினரே. மற்றுமொரு பத்து வீதத்தினர் ஒரே வைனுக்கு ஒரு கிண்ணத்தில் வெண்கலமும் மறு கிண்ணத்தில் தங்கமும் வழங்கியிருந்தனர். சராசரி நடுவர் ஒருவரின் புள்ளி, 80 முதல் 100 வரை செல்லும் அளவிலே, நான்கு மேலும் நான்கு கீழுமாக ஊசலாடியது. அதாவது, இப்போது 90 பெறும் வைன், சில நிமிடங்களின் பின், அதே மனிதரின் நாவிலே 86 ஆகவோ 94 ஆகவோ ஆகிவிடலாம். இருபது புள்ளிகளுக்குள் அடங்கும் அளவிலே எட்டுப் புள்ளி ஊசலாட்டம்!

சரி, அந்தப் பத்து வீதத்தினரையேனும் தெரிந்தெடுத்து நிரந்தர நடுவராக்கி விடலாமே என்று வாசகர் எண்ணலாம். ஹொட்ஜ்சனும் அதனை ஆராய்ந்தார். ஓராண்டிலே மிகச் செம்மையாகத் தீர்ப்பளித்தவர், அடுத்த ஆண்டிலே மற்றவர்களோடு மற்றவராகி விட்டார். ஒரே ஒரு விடயத்தில் மாத்திரம் நடுவர்கள் ஓரளவு உறுதியாக நின்றனர். பிடிக்காத வைனை அவர்கள் மீண்டும் மீண்டும் தள்ளினர். நல்லதிலே எது மிக நல்லது என்ற இடத்திலேதான் அளவுகோல் நடுங்கியது.

இதனோடு அவர் நிற்கவில்லை. அமெரிக்காவின் 13 போட்டிகளின் பெறுபேறுகளைச் சேகரித்து, நாலாயிரத்துக்கும் அதிகமான வைன்களின் கதியை ஒப்பிட்டு, 2009இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளிலே கலந்துகொண்ட வைன்கள் 2,440. இவற்றுள் 47 வீதமானவை எங்கேனும் ஓரிடத்தில் தங்கம் பெற்றிருந்தன. அவ்வாறு தங்கம் பெற்றவற்றுள் 84 வீதமானவை வேறோரிடத்திலே எந்தப் பரிசுமின்றித் திரும்பியிருந்தன. ஒரு போட்டியில் தங்கம் பெற்றது மறு போட்டியிலே தங்கம் பெறுவதற்கு எவ்விதத்திலும் துணை செய்யவில்லை. தங்கம் கிடைப்பதிலே தற்செயலின் பங்கு மிகப் பெரிது என்பதே அவர் கண்ட முடிவு.

இச்செய்தி உலகப் பத்திரிகைகளிலே பரவியபொழுது பலர் கைகொட்டி நகைத்தனர். வைன் அறிஞர்கள் எல்லாரும் வேடதாரிகள் என்பதே அவர்களுடைய மகிழ்ச்சி. எனக்கு அந்த நகைப்பு நியாயமாகத் தோன்றவில்லை. நடுவர்கள் ஒருவரையும் ஏமாற்றவில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வைன்களைச் சுவைத்த மனிதரின் நா களைத்துப் போவது இயல்பு. முன்னர்ச் சுவைத்தது இனிப்பாயின் பின்னர்ச் சுவைப்பது புளிப்பாகத் தோன்றும். தேன் உண்ட வாயாலே தோடம்பழம் உண்டு பார்த்த சிறுவனுக்கும் இது தெரியும். கண்ணும் வந்து குறுக்கிடும். பிரான்சின் போர்தோ நகரத்திலே வைனியல் கற்ற 54 மாணவர்களிடம் வெள்ளை வைனுக்குச் சிவப்புச் சாயமூட்டிக் கொடுத்தபொழுது, அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். 2001இல் வெளியான இவ்வாய்வு, மூக்கின் பொய்யைக் காட்டவில்லை. கண் கூறியதை மூளை மூக்கிற்குச் சொல்லிவிடுகிறது என்பதையே காட்டிற்று. மறுபுறத்திலே, போத்தலை அடைக்கும் தக்கை பழுதடைந்தால் உண்டாகும் ஒருவகைப் பூஞ்சண மணம், இலட்சங்கோடியிலே சில பங்கு அளவிற் கலந்திருப்பினும் பழகிய மூக்கிற்கு அகப்பட்டுவிடுகிறது. உணர்வது மெய். உணர்ந்ததை ‘91’ என்றும் ‘92’ என்றும் எழுதும் இடத்திலேதான் நாம் தாங்காத பாரத்தை நாவின்மேல் ஏற்றுகிறோம்.

நம் நாட்டவர்க்கு இது தூரத்துக் கதையுமன்று. 1883ஆம் ஆண்டு தொடக்கம் கொழும்பிலே தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. ஏலத்திற்கு முன்னர், தரகர் நிலையங்களிலே நீண்ட மேசைமீது வெண்கோப்பைகளை வரிசையாக வைத்து, சாயம் இறக்கி, கரண்டியால் அள்ளி ஓசையெழ உறிஞ்சி உமிழ்ந்து, சுவைஞர்கள் ஒவ்வொரு தொகுதியையும் மதிப்பிடுவர். மலையகத்தின் பனியிலே கொழுந்து கொய்யும் நம் சகோதரிகளின் உழைப்பு முழுவதும் ஈற்றிலே ஒரு கரண்டிக்குள் அடங்கி, ஒரு மனிதரின் நாவின் முன்னே வந்து நிற்கிறது.

மதுவைத் தொடாதவர்க்கும் இதிலே அலுவலுண்டு என முன்னர்க் கூறினேன். என் தொழில் ஆசிரியத் தொழில். இருபது ஆண்டுகளாகத் தமிழ்க் கட்டுரை விடைத்தாள்களைத் திருத்தி வருகிறேன். ஹொட்ஜ்சனின் ஆய்வை வாசித்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மூன்று கிண்ணங்களுக்குப் பதிலாக என் மேசைமேல் நாற்பது விடைத்தாள்கள் இருந்தன.

அத்தவணைப் பரீட்சையிலே ஒரு பரிசோதனை செய்தேன். புள்ளிகளை விடைத்தாளில் இடாமல் வேறொரு கடதாசியிலே எழுதி, அலுமாரியிற் பூட்டினேன். மூன்று வாரங்கள் கழித்து, தாள்களின் ஒழுங்கை மாற்றி, பெயர்களை மடித்து மறைத்து, மீண்டும் திருத்தினேன். அதன் பின்னர் இரு கடதாசிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மிக மோசமான கட்டுரைகளுக்கு இரு முறையும் ஏறக்குறைய ஒரே புள்ளியே இட்டிருந்தேன். அந்த நடுவர்களைப் போலவே! இடைத்தரமானவையும் நல்லனவுமே என்னைக் காட்டிக் கொடுத்தன. ‘கிணற்றடி’ என்னும் தலைப்பிலே ஒரு மாணவன் எழுதிய கட்டுரைக்கு முதல்முறை 68, மறுமுறை 55. முதல்முறை அது, சலிப்பூட்டிய ஏழெட்டுத் தாள்களின் பின்னே வந்தது. மறுமுறை வகுப்பிலேயே சிறந்த கட்டுரைக்கு அடுத்ததாக அகப்பட்டுக் கொண்டது. கட்டுரையிலே ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்த மாணவனை அழைத்து உள்ளதை உள்ளபடி கூறினேன். கூறாமலே விட்டிருக்கலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் பின்னர்ச் சொன்னார். அவன் சிறிது நேரம் இரு கடதாசிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்ப இதில எது, சேர், என்ர புள்ளி?” என்றான்.

இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினோம். 61½ வந்தது. புள்ளிப் பதிவேட்டிலே அரைப் புள்ளி எழுத இடமில்லை. அதனை அவன் பக்கமாகவே தள்ளி, 62 என்று பதிந்தேன்.